சதுரங்களுக்குள் அகப்பட்ட ஒளி

டிஜிட்டல் படத்தின் வரலாறு காமிராவிலிருந்து தொடங்கவில்லை. 1957-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ், தம் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படம் ஒன்றைச் சுழலும் உருளையில் பொருத்தி, அதன் ஒளி வேறுபாடுகளை எண்களாக மாற்றிக் கணினிக்குள் செலுத்தினார். 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள அந்தப் படம் 176-க்கு 176 என்ற கணக்கில் 30,976 சதுரங்களாக வகுக்கப்பட்டது. அதற்கு மேல் தாங்கும் நினைவகம் அக்கணினிக்கு இல்லை.

பிக்ஸல் என்று இன்று நாம் சொல்லும் புள்ளி இப்படித்தான் சதுரமாயிற்று. கண்ணுக்கும் சதுரத்துக்கும் இயற்கையான உறவு ஏதுமில்லை. எந்திரத்துக்கு அது வசதி, அவ்வளவே. எண்பது வயதை எட்டிய பின், 2010-இல், கிர்ஷ் இதற்காக வெளிப்படையாக வருந்தினார். சதுரம் ஒன்றே வழியாக இருந்திருக்க வேண்டியதில்லை என்று கூறி, பழங்கால மொசைக் கலைஞர்களைப் போல வெவ்வேறு வடிவத் துண்டுகளால் படத்தை அமைக்கும் முறையொன்றையும் உருவாக்கினார். அதற்குள் உலகம் சதுரங்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

ஒளியை நேரடியாக மின்னூட்டமாகச் சேகரிக்கும் சிசிடி என்னும் சில்லின் கருத்து 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் அப்போது தேடிக்கொண்டிருந்தது ஒரு நினைவகச் சாதனத்தை. கிடைத்ததோ புதிய விழித்திரை. அதற்காக 2009-இல் இருவரும் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் அத்தகைய சில்லொன்றை வைத்துக் கையடக்கமற்ற ஒரு காமிராவைக் கட்டினார். எடை ஏறத்தாழ 3.6 கிலோ. கறுப்பு வெள்ளையில் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படம் ஒலிநாடாவில் பதிவாக 23 நொடிகள் பிடித்தன. தொலைக்காட்சிப் பெட்டியில் யார் போய்ப் புகைப்படம் பார்ப்பார்கள் என்பதே நிறுவன மேலாளர்களின் ஐயமாக இருந்தது. படச்சுருள் விற்றுச் செழித்த அந்நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

அதே கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர்தான் வண்ணத்துக்கு வழி கண்டவர். 1976-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. சில்லுக்கு வெளிச்சம் மட்டுமே தெரியும், நிறம் தெரியாது. எனவே ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு வடிகட்டியை அவர் வைத்தார். மனிதக் கண் பச்சைக்கு மிகக் கூர்மையாக இசைவதால் சரிபாதி பச்சைக்கே ஒதுக்கப்பட்டது. ஒரு புள்ளியில் ஒரு நிறமே அளக்கப்படுகிறது. மற்ற இரண்டும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. அதாவது, இம்முறையில் எடுக்கப்படும் வண்ணப் படத்தின் நிறத்தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். புகைப்படம் பொய் சொல்லாது என்று நம்புவோர் இதைச் சற்று யோசிக்கலாம்.

மூன்றில் ஒன்று என்ற கணக்கு சட்டக அமைப்பிலும் வருகிறது. பல காமிராத் திரைகளில் தெரியும் இரண்டு குறுக்குக் கோடுகளும் இரண்டு நெடுக்குக் கோடுகளும் மூன்றிலொரு பங்கு விதியைக் குறிப்பவை. புகைப்படக்கலை பிறப்பதற்கு முன்பே, 1797-இல், ஆங்கில ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் கிராமியக் காட்சிகளைப் பற்றிய நூலொன்றில் இப்பெயரைப் பயன்படுத்தினார். படத்தைச் சரிபாதியாகப் பிளக்காமல் வானத்துக்கு இரண்டு பங்கும் நிலத்துக்கு ஒரு பங்கும் என்பதுபோல் வகுத்தால் காட்சி இசைவு பெறும் என்பது அவர் கருத்து. அது ஓர் ஓவியரின் அனுபவக் குறிப்பு. இன்று பயிற்சி நூல்கள் அதைச் சூத்திரமாக்கிவிட்டன.

கிர்ஷின் சதுரமும் ஸ்மித்தின் கோடுகளும் நமக்குக் கற்பிப்பது ஒன்றுதான்: ஒரு காலத்தில் ஒருவர் தம் தேவைக்காகச் செய்த தேர்வு, பழக்கத்தால் இயற்கை விதிபோலத் தோற்றம் கொள்கிறது. புள்ளிகளின் வடிவத்தையும் நிறங்களின் பங்கீட்டையும் நமக்காக வேறு யாரோ முன்பே தீர்மானித்துவிட்டார்கள். எங்கே நிற்பது, எதைச் சட்டகத்துக்கு வெளியே விடுவது, எந்தக் கணத்தில் விரலை அழுத்துவது ஆகிய மூன்றும் இன்னும் எடுப்பவரிடமே இருக்கின்றன. அவற்றையும் கோடுகளிடம் ஒப்படைத்துவிட்டால் அந்தப் படத்தில் நம்முடையதென்று எதுவும் மிஞ்சாது.