நீரிழிவுப் பராமரிப்பில் பழிசுமத்தா உரையாடல்

நீரிழிவுப் பராமரிப்பில் பழிசுமத்தா உரையாடல் என்பது, நீரிழிவு நோயுடன் வாழ்பவரிடம் மருத்துவர், செவிலியர், குடும்பத்தினர் ஆகியோர் குற்றம் காணாமலும் அச்சுறுத்தாமலும் பரிவுடன் பேசும் முறையைக் குறிக்கும். குருதிச் சர்க்கரை அளவை நோயாளியின் ஒழுக்கத்துக்கு இடப்படும் மதிப்பெண்ணாகக் கொள்ளாமல், அடுத்த முடிவை எடுக்க உதவும் தகவலாகக் கொள்வது இதன் அடிப்படை ஆகும். பழிக்கு அஞ்சுபவர் உண்மையை மறைக்கிறார். உண்மை தெரியாத மருத்துவர் பொருந்தாத மருந்தளவைத் தீர்மானிக்க நேர்கிறது. ஆகவே இம்முறை சிகிச்சையின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது.

தமிழ்ச் சொல்வழக்கு

இந்நோய்க்குத் தமிழில் நீரிழிவு, சர்க்கரை நோய், சர்க்கரை வியாதி எனப் பல பெயர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் மதுமேகம் என்றும், இலங்கைத் தமிழில் சலரோகம் என்றும் வழங்கப்படுகிறது. பேச்சு வழக்கில் "சுகர்" என்ற சொல்லே மிகுதி. "சர்க்கரை நோய்" என்னும் பெயர், இனிப்பு மிகுதியாக உண்டதால் வந்த நோய் என்ற எண்ணத்தை எளிதில் ஏற்படுத்துகிறது. குழந்தைப் பருவத்தில் வகை 1 நீரிழிவு வந்தவரின் பெற்றோரிடமும் "இனிப்பு நிறையக் கொடுத்தீர்களா?" என்று கேட்கப்படுவது இதனால்தான்.

"வாயைக் கட்டு" என்ற மரபுத்தொடரும், "பத்தியம்" என்ற கருத்தும் தமிழர் வாழ்வில் ஆழமாக வேரூன்றியவை. பத்தியம் காப்பவர் குணமடைவார், அதை முறித்தவர் துன்புறுவார் என்பது பரவலான நம்பிக்கை. சில நாட்களில் தீரும் நோய்க்கு இது பொருந்தலாம். வாழ்நாள் முழுதும் தொடரும் நீரிழிவில், சர்க்கரை அளவு கூடும்போதெல்லாம் "பத்தியத்தை முறித்துவிட்டார்" என்ற முடிவுக்கு இட்டுச் செல்கிறது.

மருத்துவ அடிப்படை

நீரிழிவை ஒருவரது தவறாகக் காண்பதற்கு மருத்துவ அறிவியல் இடம் தருவதில்லை.

* வகை 1 நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களை அழிக்கிறது. உண்ட இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.
* வகை 2 நீரிழிவில் உணவு, உடலுழைப்பு ஆகியவற்றோடு மரபுவழி, வயது, உறக்கம், மன அழுத்தம் ஆகியனவும் பங்கு கொள்கின்றன. இந்தியருக்கு இந்நோய், ஐரோப்பியரை விடக் குறைந்த வயதிலும் குறைந்த உடல் எடையிலும் வருகிறது.
* காய்ச்சல், நோய்த்தொற்று, ஸ்டீராய்டு மருந்து, உறக்கமின்மை ஆகியவை உணவில் மாற்றமில்லாத போதும் சர்க்கரை அளவை உயர்த்தக் கூடும்.
* வகை 2 நீரிழிவில் பீட்டா உயிரணுக்களின் செயல்திறன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. ஐக்கிய இராச்சியத்தில் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வின் 1999-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஒரே மருந்தால் இலக்கு அளவை எட்டியவர்கள் 3 ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 50 விழுக்காடாகவும், 9 ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 25 விழுக்காடாகவும் இருந்தனர்.

இதனால், பலருக்குக் காலப்போக்கில் கூடுதல் மருந்தோ இன்சுலினோ தேவைப்படுவது நோயின் இயல்பு. "சொன்னபடி கேட்காவிட்டால் ஊசிதான்" என்று இன்சுலினைத் தண்டனையாகக் காட்டினால், அது உண்மையில் தேவைப்படும் நாளில் நோயாளி அதை ஏற்கத் தயங்குவார்.

பழிச்சொல்லின் விளைவுகள்

மருத்துவமனைக்குச் செல்வதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பு மட்டும் உணவைக் குறைத்துக் கொள்வது பரவலாகக் காணப்படும் பழக்கம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு இதனால் குறைந்து காட்டும். ஆனால், கடந்த 2 முதல் 3 மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனையில் அளவு உயர்ந்தே இருக்கும். அச்சோதனை "திருட்டைக் கண்டுபிடிக்கும்" கருவியாகப் பயன்படுத்தப்பட்டால், நோயாளி அடுத்த முறை வராமலே இருந்துவிடலாம்.

மாத்திரையைத் தவறவிட்டதை மறைப்பதில் வேறொரு இடர் உள்ளது. மருந்து போதவில்லை என்று எண்ணி மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். பின்னர் ஏதோ ஒரு காரணத்தால் நோயாளி எல்லா மாத்திரைகளையும் ஒழுங்காக உட்கொள்ளத் தொடங்கும்போது, சில வகை மருந்துகளால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். குருதிச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழ் செல்வது தாழ்சர்க்கரை எனப்படும். நடுக்கம், வியர்வை, குழப்பம், சில வேளைகளில் மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். காலில் தோன்றிய சிறு புண்ணை ஏச்சுக்கு அஞ்சி மறைப்பவர், விரலையோ காலையோ இழக்க நேரிடலாம்.

உலகளாவிய முயற்சிகள்

ஆத்திரேலிய நீரிழிவு அமைப்பு 2011-இல் நீரிழிவு பற்றிய சொற்பயன்பாடு குறித்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அந்நாட்டு நீரிழிவுக் கல்வியாளர் சங்கமும் இணைந்து 2017-இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டன. இங்கிலாந்தின் தேசிய நலச்சேவை 2018-இல் இதே போன்ற ஆவணத்தைக் கொண்டுவந்தது. 2024-இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த அறிக்கை, நீரிழிவுடன் வாழ்பவர்களில் ஐந்தில் நால்வர் இந்நோய் காரணமான இழிவுணர்வை எதிர்கொள்வதாகக் குறிப்பிட்டது.

அமெரிக்க வழிகாட்டுதல்களின்படி, பயன்படுத்தப்படும் மொழி நடுநிலையாகவும் உண்மையின் அடிப்படையிலும் இருக்க வேண்டும்; இழிவுபடுத்தலாகாது; நோயாளியின் வலிமைகளைச் சுட்டி நம்பிக்கை தர வேண்டும்; கூட்டு முயற்சியை வளர்க்க வேண்டும்; நோயை விட மனிதரை முன்னிறுத்த வேண்டும்.

எடுத்துக்காட்டுகள்

* "போன தடவையே சொன்னேனே, கேட்டீங்களா?" என்பதற்கு மாற்றாக, "போன தடவை பேசினதுல எது முடிஞ்சது, எது கஷ்டமா இருந்தது?"
* "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" என்பதற்கு மாற்றாக, "நிறைய பேருக்கு மாத்திரை விட்டுப்போகும். உங்களுக்கு வாரத்துல எத்தனை நாள் அப்படி ஆகுது?"
* "பலாப்பழம் சாப்பிட்டீங்களா?" என்பதற்கு மாற்றாக, "பலாப்பழ சீசன் ஆச்சே, எத்தனை சுளை, எந்த நேரத்துல சாப்பிடுறீங்கன்னு சொன்னா கணக்கு பண்ணிக்கலாம்."
* "சுகர் மோசம்" என்பதற்கு மாற்றாக, "சுகர் இலக்கை விடக் கூட இருக்கு. என்ன காரணம்னு சேர்ந்து பார்க்கலாம்."

இரண்டாம் எடுத்துக்காட்டில், தவறவிடுதல் இயல்பானது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளப்படுவதால் உண்மையான எண்ணிக்கையைச் சொல்வது எளிதாகிறது.

தொழில் நகரச் சூழல்: நெய்வேலி

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களையும் அனல் மின் நிலையங்களையும் சுற்றி அமைந்த நகரியம். இவற்றை நடத்தும் இந்திய நடுவண் அரசு நிறுவனம் 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமாகத் தொடங்கப்பெற்று, 2016-இல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நகரியத்தில் நிறுவனத்தின் பொது மருத்துவமனை இயங்குகிறது.

சுரங்கமும் மின் நிலையமும் இரவு பகலாக இயங்குவதால் பணி முறைமாற்று அடிப்படையில் நடைபெறுகிறது. முறைமாற்றுப் பணி செய்வோரிடம் வகை 2 நீரிழிவு சற்று மிகுதியாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இரவுப் பணியில் உறக்கமும் உணவு நேரமும் மாறுவதால், "காலை உணவுக்கு முன் ஒன்று, இரவு உணவுக்கு முன் ஒன்று" என்னும் மருந்துச் சீட்டு வாரத்துக்கு வாரம் வேறு பொருள் தருகிறது. இத்தகையவரிடம் "கட்டுப்பாடு இல்லை" என்று கூறுவதை விட, "நைட் ஷிப்டு வாரத்துல சாப்பாடும் மாத்திரையும் எந்த நேரத்துல அமையுது?" என்று கேட்பதே பயன் தரும்.

பெரும் எந்திரங்களை இயக்குவோருக்கும் கனரக ஊர்தி ஓட்டுவோருக்கும் தாழ்சர்க்கரை தனி இடராகும். நோயை வெளிப்படுத்தினால் வேலை போகுமோ என்ற அச்சம், குறிப்பாக ஒப்பந்தத் தொழிலாளரிடம், எழ இடமுண்டு. அச்சமின்றிச் சொல்ல முடிந்தால் மட்டுமே மருந்து வகையை மாற்றுதல், பணிக்கு முன் சர்க்கரையைச் சோதித்தல், குளுக்கோசைக் கையில் வைத்திருத்தல் போன்ற முன்னேற்பாடுகள் இயலும்.

நெய்வேலிக்கு அருகிலுள்ள பண்ணுருட்டி பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்றது. வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் பெருவிழாவாக நடைபெறுகிறது. விரதமும் விருந்தும் சேர்ந்த இத்தகைய நாட்களுக்கான மருந்து மாற்றத்தை முன்கூட்டியே பேசித் திட்டமிடுவதும் இம்முறையின் ஒரு பகுதியாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் நீரிழிவுக்கான தனி மருத்துவத்துக்கு மருத்துவர் எம். விசுவநாதன் முன்னோடி ஆவார். இவர் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது.

தமிழ்நாடு அரசு 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், பெண் நலத் தன்னார்வலர்கள் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிலேயே வழங்கினர். இவ்வாறான வீட்டுச் சந்திப்புகளில் அயலார் கேட்க நோயின் பெயரையோ அளவையோ உரக்கச் சொல்லாமை முக்கியமானது. திருமணமாகாத பெண்களின் நோயைக் குடும்பத்தினர் வெளியே தெரியாமல் காப்பது வழக்கமாதலால், இதில் கவனம் தேவை.

விமர்சனங்கள்

மென்மையான பேச்சு நோயின் கடுமையைக் குறைத்துக் காட்டிவிடும் என்பது ஒரு விமர்சனம். கால் இழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பார்வை இழப்பு ஆகிய இடர்களை மறைக்குமாறு இம்முறை கூறவில்லை. அவற்றைத் தடுக்கும் வழிகளோடு சேர்த்துச் சொல்லுமாறு கூறுகிறது. கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதும் மெய்யான தடையாகும். ஊக்கமூட்டும் நேர்காணல் போன்ற முறைகளால் எச்.பி.ஏ.1.சி. அளவு குறைவது குறித்து ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை. சோதனைப் பட்டைகளின் விலை, மருந்துச் செலவு, ஓய்வில்லாத வேலை ஆகியவற்றைச் சொற்களால் மட்டும் தீர்க்க முடியாது. எனினும் அவை தடையாக இருப்பதை மருத்துவர் அறிந்துகொள்ளும் வழி, நோயாளி தயக்கமின்றிப் பேசுவதே ஆகும்.

இவற்றையும் பார்க்க

* நீரிழிவு நோய்
* இன்சுலின்
* தாழ்சர்க்கரை
* நெய்வேலி
* மக்களைத் தேடி மருத்துவம்