படையைக் கட்டுப்படுத்தியது எது? இந்தியாவில் சிவில் மேலாண்மை உருவான விதம்

1947 ஆகஸ்டில் பிரிட்டிஷ் இந்தியப் படை இரு நாடுகளுக்குப் பங்கிடப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இந்தியாவுக்கும் ஒரு பங்கு பாகிஸ்தானுக்கும் சென்றது. இரு தரப்பு அதிகாரிகளும் ஒரே கல்லூரிகளில் பயின்றவர்கள். ஒரே போர்முனைகளில் நின்றவர்கள். ஆயினும் 1958 அக்டோபரில் பாகிஸ்தானின் ஆட்சி தலைமைத் தளபதி அயூப் கானின் கைக்குப் போயிற்று. இந்தியாவில் எந்தத் தளபதியும் ஆட்சியைக் கைப்பற்றவில்லை. இவ்வேறுபாட்டை விளக்குவோர் பலர், பிரிட்டன் விட்டுச்சென்ற தொழில்முறை மரபு இந்தியாவில் நிலைத்ததென்றும் பாகிஸ்தானில் சிதைந்ததென்றும் கூறுவர். இந்த விளக்கம் போதாது. இந்தியாவில் படைமீதான சிவில் மேலாண்மை 1946 முதல் 1955 வரை அரசியல் தலைமை எடுத்த முடிவுகளால் கட்டப்பட்டது. அது நிர்வாகத்தின் கையோடு நின்று, நாடாளுமன்றத்தை முழுமையாக எட்டாமல் போனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற அமைப்பை முதலில் பார்ப்போம். பிரிட்டிஷ் இந்தியாவின் தலைமைத் தளபதி வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். அதிகார வரிசையில் வைஸ்ராய்க்கு அடுத்த நிலையில் இருந்தவர். படை நிர்வாகம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற பூசலில் தளபதி கிச்சனரின் கை ஓங்கியது. 1905இல் வைஸ்ராய் கர்சன் பதவி விலகினார். வரவுசெலவில் பெரும்பங்கை விழுங்கிய அந்தப் படை, இந்திய மக்களின் பிரதிநிதிகள் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1857 கிளர்ச்சிக்குப்பின் ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாட்டின் பெயரால் ஆள்சேர்ப்பும் பஞ்சாபை நோக்கிக் குவிக்கப்பட்டது. இத்தகைய மரபிலிருந்து மக்களாட்சிக்குப் பணியும் படை தானாகப் பிறக்காது. அயூப் கான் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்றவர். 1966 ஜனவரியில் நைஜீரியாவின் முதல் ராணுவப் புரட்சியை முன்னின்று நடத்திய மேஜர் ன்சியோகுவும் அங்கே பயின்றவரே. இலங்கையில் 1962இல் முறியடிக்கப்பட்ட சதியின் பின்னணியிலும் பிரிட்டிஷ் மரபில் வளர்ந்த அதிகாரிகள் இருந்தனர். ஒரே மரபு இத்தனை விதமான விளைவுகளைத் தருமானால், விளைவைத் தீர்மானித்தது மரபுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும்.

அது இந்திய அரசியலில் இருந்தது. 1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் பாதுகாப்புப் பொறுப்பு பல்தேவ் சிங்கிடம் தரப்பட்டது. தலைமைத் தளபதி அமைச்சரவையிலிருந்து வெளியேறி அமைச்சருக்குக் கீழ்ப்பட்டார். தளபதியின் மாளிகையாக இருந்த தீன்மூர்த்தி பவன் பிரதமரின் இல்லமாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அதைச் செலுத்தும் முறையைச் சட்டத்திற்கு உட்படுத்தியது. 1955இல் தலைமைத் தளபதி என்ற பதவியே நீக்கப்பட்டு, முப்படைகளின் தலைவர்களும் சம நிலையிலான தலைமை அதிகாரிகளாயினர். பாகிஸ்தானில் நடந்தது இதற்கு நேர் எதிரானது: 1954இல் அயூப் கான் தளபதியாக இருந்துகொண்டே பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். ஜின்னா 1948இலும் லியாகத் அலி கான் 1951இலும் மறைந்தனர். அரசமைப்பு 1956வரை வரவில்லை. நாடு தழுவிய முதல் நேரடிப் பொதுத்தேர்தல் 1970இல்தான் நடந்தது. இந்தியா 1951–52லேயே வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து அரசைத் தேர்ந்தெடுத்துவிட்டது. மக்கள் ஒப்புதல் பெற்ற அரசை மீற எந்தத் தளபதிக்கும் துணிவு மட்டும் போதாது, நியாயமும் வேண்டும். அந்த நியாயத்திற்கு இந்திய அரசியல் இடம் வைக்கவில்லை.

இந்தியாவின் பரப்பும் பன்மையுமே ராணுவப் புரட்சியைத் தடுத்தன என்பது வலுவான மறுப்பு. ஆனால் பல மொழிகளும் பல்லாயிரம் தீவுகளும் கொண்ட இந்தோனேசியாவைத் தளபதி சுகார்த்தோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். நாட்டின் பன்மை தானாகவே படையின் பன்மையாகிவிடுவதுமில்லை. சீக்கிய, டோக்ரா, கூர்க்கா ரெஜிமெண்டுகள் விடுதலைக்குப் பின்னும் பழைய வடிவிலேயே தொடர்ந்தன. பன்மை உதவியது உண்மை. ஆனால் அதை ஓர் அரசியல் அமைப்பாகத் திரட்டிய கட்சியும் தேர்தலும் கூட்டாட்சியும் இல்லாதிருந்தால், அதே பன்மை தளபதிகள் தலையிடுவதற்குச் சாக்காகியிருக்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: சிவில் மேலாண்மைதான் படையை நலிவாக்கி 1962 சீனப் போரின் தோல்விக்கு வழிவகுத்தது என்பது. 1959இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு முரண்பட்டுத் தளபதி திம்மய்யா பதவி விலகல் கடிதம் கொடுத்ததும், நேருவின் வற்புறுத்தலால் அதைத் திரும்பப் பெற்றதும் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். அமைச்சகத்தின் தவறுகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போரா அமைதியா, எவ்வளவு செலவு, எந்த எல்லைக்கொள்கை என்பவற்றை முடிவு செய்வது மேலாண்மை; பதவி உயர்வில் விருப்புவெறுப்புக் காட்டுவதும் தொழில்முறை அறிவுரையைச் செவிமடுக்காததும் மேலாண்மையின் பிறழ்வு. அப்பிறழ்வைத் திருத்தவேண்டிய இடம் நாடாளுமன்றம். 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கையை அரசு இன்றும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. மாறாக, கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டாலும், 2000இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த சீர்திருத்தங்களின் வழியில்தான் 2019இல் முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவி உருவாயிற்று. வெளிப்படையான விசாரணை படையை நலிவாக்கவில்லை. திருத்தத்திற்கு வழி திறந்தது.

எனவே ராணுவப் புரட்சி நடக்காததை மட்டும் கொண்டு வெற்றியை அளப்பது பிழை. 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் இதற்குச் சான்று. மத்திய அரசின் முன்அனுமதியின்றிப் படையினர் மீது வழக்குத் தொடுக்க அச்சட்டம் இடம் தரவில்லை. ஜீவன் ரெட்டி குழு 2005இல் அதை நீக்கப் பரிந்துரைத்தும் அது நீக்கப்படவில்லை. இங்கே படை அரசை மீறவில்லை; அரசே படைக்குக் காப்பளித்து, குடிமக்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தள்ளிப்போடுகிறது. படை அமைச்சருக்குப் பணிவது முதற்படி. படையின் செயலுக்காக அமைச்சர் மக்களவையில் பதில் சொல்வதும், பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுக முடிவதும் அடுத்த படிகள். முதற்படியை இந்தியா 1955க்குள் திறம்பட எடுத்து வைத்தது. மற்றவற்றை எடுத்து வைக்கும் கடமை இன்றைய நாடாளுமன்றத்தினுடையது. அதை நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரால் இனியும் ஒத்திவைப்பதற்கு நியாயமில்லை.