அடையும் இரையும்: ஆங்கிலத்தின் குஞ்சு வளர்ப்புச் சொற்கள்

பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் அகரவரிசையை ஒதுக்கிவிட்டுச் சொற்களைப் பொருளின்படி அடுக்கியது. அந்த வழியில் வந்த இன்றைய ஆங்கில இணைச்சொல் அகராதிகளில் ‘புரூட்’, ‘ஹேட்ச்’, ‘இன்குபேட்’, ‘பிரீட்’, ‘ரியர்’, ‘ஃபாஸ்டர்’, ‘நர்ச்சர்’ எல்லாம் அக்கம்பக்கமாக நிற்கின்றன. அடைகாப்பதும் பொரிப்பதும் வளர்ப்பதும் ஒரே தொடர்ச்சிதானே என்று பார்த்தால் இந்த அடுக்கில் தவறு இல்லை. ஆனால், இதே சொற்களை மனிதச் செயல்களுக்கு ஏற்றிச் சொல்லும்போது வரிசை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சதியை ‘ஹேட்ச்’ செய்வார்கள். திறமையை ‘நர்ச்சர்’ செய்வார்கள். இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் இடறும்.

இந்தப் பிரிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வரலாறு சார்ந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், தொழுவத்தில் புழங்கிய சொற்கள் பழைய ஆங்கிலமாகவே நின்றன. விருந்து மேசைக்கும் கல்விக்கூடத்துக்கும் உரியவை பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்தன. தொழுவத்தில் ‘பிக்’ ஆக இருந்த பன்றி தட்டில் ‘போர்க்’ ஆனது அப்படித்தான். ஆகவே, நாட்டுச்சொல்லான ‘ஹேட்ச்’ கொச்சையாகவும் லத்தீன் வழிவந்த ‘நர்ச்சர்’ மேன்மையாகவும் ஒலிக்கின்றன என்பார்கள்.

கேட்க அழகாக இருக்கும் இந்த விளக்கம் சான்றுகளின் முன் நிற்கவில்லை. ‘ஃபாஸ்டர்’ கலப்பில்லாத பழைய ஆங்கிலச் சொல். அது பரிவோடுதான் ஒலிக்கிறது. மறுபுறம், கலகத்தைத் தூண்டுவதைக் குறிக்கும் ‘ஃபொமென்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. உறங்குபவர் மேல் ஏறி அமுக்கும் பேயைக் குறிக்கும் ‘இன்குபஸ்’ சொல்லும் அங்கிருந்து வந்ததே. பிறப்பிடம் சொல்லின் தன்மையை முடிவு செய்திருந்தால் இவை இடம் மாறியல்லவா இருக்க வேண்டும்?

பிரிவுக்கோடு வேறிடத்தில் ஓடுகிறது. வேரை நோக்கினால் இச்சொற்களில் ஒரு கூட்டம் மூடுவதையும் சூடேற்றுவதையும் குறிக்கிறது. இன்னொரு கூட்டம் ஊட்டுவதைக் குறிக்கிறது. ‘புரூட்’, ‘பிரீட்’ இரண்டும் வெப்பத்தைக் குறிக்கும் ஒரே ஜெர்மானிய வேரின் கிளைகள். ‘ஃபொமென்ட்’ சொல்லின் மூலமான ‘ஃபோவேரே’ லத்தீனில் கதகதப்பாக வைத்திருப்பது. ‘இன்குபேட்’ என்பதோ மேலே படுத்துக்கிடப்பது. ஊட்டும் கூட்டத்தில் ‘ஃபாஸ்டர்’ உணவைக் குறிக்கும் ‘ஃபூட்’ சொல்லின் உறவு. ‘நர்ஸ்’, ‘நர்ச்சர்’, ‘நரிஷ்’ மூன்றும் பாலூட்டுதலைக் குறிக்கும் ‘நூட்ரீரே’ வழி வந்தவை. ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் வினையான ‘ஆலெரே’யிலிருந்து ‘அலுமினி’ பிறந்தது. கல்லூரிகள் நடத்தும் அலுமினி சந்திப்புகளுக்குப் போகிற எல்லோரும் சொற்படி வளர்ப்புப் பிள்ளைகளே.

மூடுதலும் ஊட்டுதலும் கூட்டில் எவ்வளவு வேறுபட்ட அனுபவங்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கோழி முட்டைக்கு அடைக்காலம் 21 நாள். கடைசி நாட்களில்தான் குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைச் சவ்வை அலகால் கிழித்து முதல் மூச்சு விடுகிறது. பிறகு மேல் அலகின் நுனியில் முளைத்திருக்கும் சிறு கூரால் ஓட்டில் ஒரு கீறல் விழுகிறது. ஆங்கிலப் பண்ணையாட்கள் இதை ‘பிப்’ என்கிறார்கள். அதன்பின் பல மணி நேர ஓய்வு. அப்புறம் உள்ளுக்குள்ளேயே சுழன்று சுழன்று ஓட்டை வட்டமாக உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்தக் கடைசி நாட்கள்வரை உள்ளே இருப்பது குஞ்சா கூமுட்டையா என்பது மேலே உட்கார்ந்திருக்கும் கோழிக்குத் தெரியாது. மனிதரும் முட்டையை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊட்டும்போது இப்படி இல்லை. குருவிக்கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்து காத்திருக்கின்றன. இரை போன இடமும் பிள்ளை பெருத்த அளவும் கண்ணுக்குத் தெரிகின்றன.

மூடும் சொற்கள் இந்தத் தெரியாமையைத்தான் தம்மோடு சுமந்துகொண்டு மனிதவாழ்வுக்குள் நுழைந்தன. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் மன்னன் கிளாடியஸ், இளவரசனின் சோகம் எதன்மேலோ அடைகாத்து உட்கார்ந்திருக்கிறது, பொரிந்து வருவது ஆபத்தாக இருக்கும் என்று அஞ்சுகிறான். ‘புரூட்’, ‘ஹேட்ச்’ இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. ‘ஜூலியஸ் சீஸர்’ நாடகத்திலோ புரூட்டஸ் சீஸரைப் பாம்பு முட்டையாக எண்ணி, ஓட்டுக்குள்ளேயே கொன்றுவிட வேண்டும் என்று முடிவுக்கு வருகிறான். வளர்ந்தபின் சீஸர் என்ன ஆவான் என்பது புரூட்டஸுக்குத் தெரியாது. நாடகத்தின் துயரம் முழுதும் அந்தத் தெரியாமையில் இருக்கிறது. மருத்துவத்தில் நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்த நாளுக்கும் முதல் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு ‘இன்குபேஷன்’ என்றே பெயர்.

இவற்றை வைத்து மூடும் சொற்கள் தீமைக்கே உரியவை என்று சொல்லத் தோன்றும். அதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மில்டன் 1667இல் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ காப்பியத்தின் தொடக்கத்தில் பரிசுத்த ஆவி புறாவைப்போல் பாழ்வெளியின் மேல் ‘புரூட்’ செய்து அதைக் கருக்கொள்ள வைக்கிறது. அங்கே தீமையின் நிழல்கூட இல்லை. பண்டைய கிரேக்கத்திலும் நோயாளிகள் மருத்துவத் தெய்வமான அஸ்கிளீபியஸின் கோயிலில் படுத்துறங்கி, குணம் தரும் கனவுக்குக் காத்திருந்தார்கள். அவ்வழக்கத்துக்கு லத்தீனில் ‘இன்குபாசியோ’ என்று பெயர். ஆகவே, மூடும் சொற்கள் தீமைக்கு உரியவை என்று சொன்னால் அது பிழை. அவை முடிவு தெரியாதவற்றுக்கு உரியவை. உள்ளிருந்து உலகமும் வரலாம், பாம்பும் வரலாம்.

ஊட்டும் பக்கத்தில் ஒரு முரண் உண்டு. பழைய பகையை மறக்காமல் வைத்திருப்பதை ஆங்கிலத்தில் ‘நர்ஸ்’ செய்வதாகச் சொல்கிறார்கள். ஆனால், அப்படிச் சொல்லப்படுகிறவருக்குத் தாம் எதை வளர்க்கிறோம் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்தே தீனி போடுகிறார். கெட்டதை வளர்த்தாலும் கண் திறந்து வளர்ப்பது என்பதால் இந்த வழக்கு கோட்பாட்டைக் குலைக்கவில்லை. ‘ரியர்’, ‘ரெய்ஸ்’ இரண்டும் உயர்த்துதலைக் குறிக்கும் ஒரே வேரின் பழைய ஆங்கில, நார்ஸ் வடிவங்கள். இவை எந்தப் பக்கமும் சாராதவை. ஒருமுறை இட்ட முட்டைகளின் தொகுதியாகிய ‘கிளட்ச்’ பொரித்தலைக் குறிக்கும் நார்ஸ் வினையிலிருந்து வந்தது. வண்டியிலுள்ள கிளட்சுக்கும் அதற்கும் ஒலியைத் தவிர உறவு இல்லை.

கருவிகளின் பெயர்களும் இதே கோட்டில் போகின்றன. பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டு, அதே முறையில் குறைமாதக் குழந்தைகளுக்கான கருவியை 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்வித்தார். பிழைக்குமா என்று உறுதியில்லாத அந்தக் குழந்தைகள் இருந்த பெட்டிக்கு ஆங்கிலத்தில் ‘இன்குபேட்டர்’ என்ற பெயரே நிலைத்தது.

1959இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா ஊரில் ஜோசப் மான்குசோ, மூடிக்கிடந்த பெரிய தொழிற்சாலை ஒன்றைப் பகுதி பகுதியாகச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார். குடிவந்தவர்களில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிப்பவர்; அதை வைத்து மான்குசோ தம் கட்டடத்தையே ‘இன்குபேட்டர்’ என்று அழைக்கத் தொடங்கினார். சென்னை ஐஐடியின் இன்குபேஷன் செல் வரை அந்தப் பெயர் இன்று பரவியிருக்கிறது. புதுத்தொழில்களுக்கு இத்தகைய நிலையங்கள் இடம், பணம், ஆலோசனை என்று தருவதெல்லாம் உண்மையில் ஊட்டுதல். ஆனாலும் ‘நர்சரி’ என்று பெயர் வரவில்லை. எந்த நிறுவனம் தேறும், எது தேறாது என்று யாருக்கும் தெரியாத கட்டம் அது. தேறி வெளியேறிய நிறுவனங்களைக் குறிக்க இந்த நிலையங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் சொல் ‘அலுமினி’.