பொறுப்பைக் கைமாற்றிய தலைமைகள்: இந்தியச் சமூக மனநல, போதைமீட்புப் பணிகளின் வரலாற்றில் ஓர் இழை

1946-இல் வெளியான சர் ஜோசப் போர் குழுவின் அறிக்கை, இந்தியாவின் மனநலச் சேவையை ஒரே கணக்கில் அளந்து காட்டியது. ஆயிரம் பேருக்கு இருவர் என்று மிகக் குறைவாகக் கொண்டாலும் 8 லட்சம் நோயாளிகளுக்கு இடம் தேவைப்படும். நாட்டில் இருந்த படுக்கைகளோ 10,000-ஐச் சற்றே தாண்டியவை. அக்குழுவுக்காக மனநோய் மருத்துவமனைகளைப் பார்வையிட்ட கர்னல் மூர் டெய்லர், அவற்றுள் பெரும்பாலானவை குணப்படுத்துவதற்காக அன்றி அடைத்துவைப்பதற்காகவே கட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த இடைவெளியை மருத்துவமனைகள் கட்டி நிரப்ப இயலாது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது. ஆகவே சுதந்திர இந்தியாவின் மனநலத் துறை எதிர்கொண்ட முதன்மையான வினா, ‘யார் இந்தப் பணியைச் செய்வது’ என்பதே. கட்டட வினாவாகத் தோன்றிய ஒன்று உண்மையில் தலைமை பற்றிய வினா. இத்துறையின் வரலாற்றைத் தொடர்ந்து வாசித்தால் ஒன்று புலப்படும்: நிபுணர் தம் கையிலிருந்த பொறுப்பில் ஒரு பகுதியைப் பிறரிடம் ஒப்படைத்தபோதெல்லாம் பணி விரிந்தது, முறையை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பை ஒப்படைக்கத் தவறியபோதெல்லாம் அது காகிதத்தில் தங்கியது.

அமிர்தசரஸில் அமைந்த கூடாரங்கள்

முதல் எடுத்துக்காட்டு, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிரிவினைக்குப் பின் லாகூர் மனநோய் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். சாதத் ஹசன் மண்டோவின் ‘டோபா டேக் சிங்’ சிறுகதைக்குப் பின்புலமான நிகழ்வு அது. அவர்களைப் பெற்றுக்கொண்ட அமிர்தசரஸ் மருத்துவமனை நெரிசலிலும் பணியாளர் பற்றாக்குறையிலும் திணறிக்கொண்டிருந்தது. அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற மருத்துவர் வித்யா சாகர், 1950-களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களை அமைத்து, நோயாளிகளின் உறவினர்களையும் அங்கேயே தங்கவைத்தார்.

இன்று எளிமையாகத் தோன்றும் இம்முடிவு, அக்காலத்தில் மருத்துவமனை என்ற அமைப்பின் அடிப்படையையே மாற்றியது. நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைப்பதே புகலிடக் காப்பகங்களின் இலக்கணம். வித்யா சாகர் உறவினர்களைத் திரட்டி அமரவைத்து, நோயின் தன்மையையும் மருந்தின் தேவையையும் அவர்களுக்குப் பழக்கமான மொழியில் விளக்கினார். ஒருவரின் உறவினர் தேறிவருவதை மற்றொருவரின் உறவினர் கண்ணெதிரே கண்டார். வீடு திரும்பிய குடும்பங்கள் தத்தம் ஊர்களில் அந்த அறிவைப் பரப்பின. வார்டு ஊழியரும் செவிலியரும் போதாத ஒரு மருத்துவமனையில், தாயும் தமையனும் பராமரிப்பாளர்களாயினர்.

இதே ஆண்டுகளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தினர் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. இவ்விரு முயற்சிகளிலும் மருத்துவரின் அறிவு குறையவில்லை. அந்த அறிவுக்குக் காவலாயிருந்த தனியுரிமை மட்டும் தளர்ந்தது.

ராய்ப்பூர் ராணியும் சகலவாராவும்

அடுத்த கட்டம் 1970-களின் நடுப்பகுதி. மருத்துவமனைக்கு வரும் குடும்பத்திடமிருந்து, மருத்துவமனைக்கே வராத கிராமத்துக்குப் பார்வை திரும்பியது.

சண்டிகர் பி.ஜி.ஐ.யின் மனநலத் துறைத் தலைவர் என்.என். விக், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வின் ஒரு பகுதியாக 1975-இல் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில் பணியைத் தொடங்கினார். கொலம்பியா, செனகல், சூடான் போன்ற நாடுகளிலும் நடந்த அந்த ஆய்வின் உட்கருத்து, மனநலப் பராமரிப்பைப் பொதுச் சுகாதாரப் பணியாளர் வழியாக வழங்க முடியுமா என்பதே. ஆய்வாளர்கள் முதலில் ஊர்ப் பெரியவர்களையும் விவரம் அறிந்தவர்களையும் அணுகி, எந்த நடத்தையை அவர்கள் நோயாகக் கருதுகிறார்கள், அதற்கு யாரிடம் செல்கிறார்கள் என்று கேட்டறிந்தனர். கிராமத்தார் துயரமாகக் கண்டது எதுவோ அதிலிருந்து சேவை தொடங்கியது. வலிப்பு நோய் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற்றதும் இக்கண்ணோட்டத்தோடு பொருந்திப்போகிறது.

பெங்களூரில் 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே சமூக மனநலப் பிரிவைத் தொடங்கியது. ஆர்.எல். கபூர், அவரைத் தொடர்ந்து ஆர். சீனிவாச மூர்த்தி, மோகன் ஐசக் முதலியோர் நகருக்கு வெளியே சகலவாராவில் ஒரு கிராமப்புற மையத்தை நடத்தினர். அங்கு உருவான கையேடுகள் இவ்வரலாற்றின் முக்கிய ஆவணங்கள். பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் நோயை எவ்வாறு இனங்காண்பது, ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர் எந்த மருந்தை எவ்வளவு தருவது, எப்போது மேல்மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகியவற்றை அவை எளிய படிகளாக வகுத்தன. பல ஆண்டுப் படிப்பின் வழியே நிபுணர் பெறும் தீர்ப்புத்திறனில் எந்தப் பகுதியை மற்றவர் கையில் நம்பித் தரலாம் என்று பிரித்தறிவதே இக்கையேடுகளின் உழைப்பு.

திட்டமாக மாறியபோது

இந்த இரு சோதனைகளின் பலத்தில்தான் 1982 ஆகஸ்டில் தேசிய மனநலத் திட்டம் ஏற்கப்பட்டது. வளரும் நாடுகளில் இவ்வகைத் திட்டத்தை முதலில் வகுத்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. ஆனால் திட்டத்துக்கு ஈடான நிதியோ நடைமுறை அலகோ அமையவில்லை. ஒரு வட்டாரத்தில் வென்றதை ஒரு மாவட்டம் முழுவதிலும் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு விடைகாண, நிம்ஹான்ஸ் 1980-களின் பிற்பாதியில் கர்நாடகத்தின் பெல்லாரியைத் தேர்ந்தது. அம்மாதிரியின் அடிப்படையில் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது: ஆந்திரத்தின் மேதக், அசாமின் நகாவ்ன், ராஜஸ்தானின் சீகர், தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி. இன்று அத்திட்டம் 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது.

விரிவு வியப்புக்குரியது, விளைவு அவ்வளவில்லை. 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் இருந்ததாகக் கண்டது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தனர்.

காரணங்களாகப் பணியிடக் காலிகளும் நிதித் தாமதமும் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. அவை உண்மையே. ஆயினும் தலைமையின் கோணத்திலிருந்து வேறொரு காரணமும் தெரிகிறது. மாவட்டத் திட்டத்தின் பொறுப்பு பெரும்பாலும் ஒரு மனநல மருத்துவரிடம் விடப்பட்டது. அவர் நோயாளியைப் பார்க்கக் கற்றவர். மருந்து இருப்பைத் திட்டமிடவும், ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரைத் தொடர்ந்து வழிநடத்தவும், மாவட்ட நிருவாகத்தோடு பேசி நிதியைப் பெறவும் அவருக்கு யாரும் பயிற்றுவிக்கவில்லை. விளைவாக, பயிற்சி ஒருமுறை நடந்து முடியும் நிகழ்ச்சியானது. நிபுணர் குறித்த நாளில் ஊருக்கு வந்து நோயாளிகளைப் பார்த்துச் செல்லும் முகாமே திட்டத்தின் முகமானது. சகலவாரா கைமாற்ற முயன்ற பணி, மீண்டும் நிபுணரின் மேசைக்கே திரும்பியது.

அரசு எட்டாத இடங்களில் குடும்பங்கள் என்ன செய்தன என்பதை 2001 ஆகஸ்ட் 6 நாட்டுக்குக் காட்டியது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அமிர்தசரஸில் பராமரிப்பின் பங்காளியாக ஏற்கப்பட்ட குடும்பம், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் பல ஊர்களில் தனித்தே விடப்பட்டிருந்தது.

குடிநோயும் இரு அமைச்சகங்களும்

போதைமீட்பின் வரலாறு இதற்கு இணையாக ஓடினாலும் வேறொரு சிக்கலைக் கொண்டது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், தன்னார்வ நிறுவனங்களின் மீட்பு மையங்களுக்கு நிதியளிக்கும் பொறுப்பு சமூகநல அமைச்சகத்திடமும், மருத்துவமனைச் சிகிச்சை சுகாதார அமைச்சகத்திடமும் சென்றன. மனநலத் திட்டம் மூன்றாவது தடத்தில் நடந்தது. ஒரே மனிதரின் குடிப்பழக்கமும் மனச்சோர்வும் வெவ்வேறு அலுவலகங்களின் கோப்புகளாயின. எவரும் முழுப் பொறுப்பேற்காத நிலை இவ்வாறு அமைப்பிலேயே பொதிந்தது. 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவால் சிக்கலுற்று உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறினார்.

இந்த வெற்றிடத்தில் தலைமை வேறு இடங்களிலிருந்து எழுந்தது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அந்நிறுவனம் 1989 முதல் தஞ்சை வட்டாரத்தின் மஞ்சக்குடியில் நடத்திய சிகிச்சை முகாம்கள், நோயாளியை நகருக்கு அழைப்பதற்கு மாறாகச் சிகிச்சையை ஊருக்குக் கொண்டுசென்றன. ஊராரும் உள்ளூர் அமைப்பும் முகாமை ஏற்று நடத்துவதில் பங்கேற்றனர். முகாம் முடிந்தபின் குடியை விட்டவரைத் தாங்கிப்பிடிக்க வேண்டியவர்களும் அவர்களே. சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில்தான் மீட்பு நிலைக்கிறது என்பதால், இம்முறையின் பலமும் அங்கேயே இருந்தது.

மணிப்பூரில் தலைமை இன்னும் வெளிப்படையாகக் கைமாறியது. ஹெராயின் ஊசியும் அதனோடு எச்.ஐ.வி.யும் பரவிய 1990-களின் தொடக்கத்தில், முன்னாள் பயனர்கள் இம்பாலில் சாசோ என்ற அமைப்பைத் தொடங்கினர். சிகிச்சை பெறுபவர் என்ற நிலையிலிருந்து சேவை வழங்குபவராக அவர்கள் மாறினர். சட்டமும் சமூகமும் குற்றவாளியாகப் பார்த்த ஒருவரை அணுக, அதே பாதையில் நடந்தவரால் முடிந்தது. 1996-இல் மணிப்பூர் அரசின் எய்ட்ஸ் கொள்கை தீங்குக் குறைப்பு அணுகுமுறையை ஏற்றது. நாட்டின் பிற பகுதிகள் அதை நோக்கி வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1992-இல் எழுந்த சாராய எதிர்ப்பு இயக்கம் மற்றொரு வகை. எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்புகளில் கூடிய தூபகுண்டா முதலிய சிற்றூர்ப் பெண்கள் சாராய ஏலத்தைத் தடுத்தனர். 1993-இல் சாராயத்துக்கும் 1995-இல் எல்லா மதுவுக்கும் தடை வந்தது. 1997-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. விற்பனையை எதிர்த்த அந்த மாபெரும் மக்கள் தலைமையோடு, குடியை விட முயன்ற ஆடவருக்கான சிகிச்சைப் பணி இணையவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியிலும் மக்கள் இயக்கத்தின் விளைவாக 1993-இல் மதுவிலக்கு வந்தது. அங்கு 2016-இல் தொடங்கிய முக்திபத் திட்டம், கிராமக் குழுக்களின் கண்காணிப்பையும் சிகிச்சை முகாம்களையும் ஒரே அமைப்பில் சேர்க்க முயன்றது. நெல்லூரில் விடுபட்ட கண்ணி எது என்பதை இந்த ஒப்பீடு உணர்த்தும்.

மேற்பார்வையும் கைமாறும்போது

கோவாவில் 1996-இல் தொடங்கிய சங்கத் அமைப்பின் ஆய்வுகள் இவ்விழையை மேலும் நீட்டின. மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்வாசிகளை ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வரும், தீங்கு தரும் அளவில் குடிக்கும் ஆடவருக்கு நான்கு அமர்வுகளுக்கு மிகாத ஆலோசனை வழங்கினர். 2017-இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களில் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் அந்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். வேறுபாடு மிதமானதே. ஆனால் அந்த முறையின் மற்றொரு கூறு கூடுதல் கவனத்துக்குரியது. ஆலோசகர்கள் பதிவுசெய்யப்பட்ட அமர்வுகளைக் கூடிக் கேட்டு, ஒருவர் மற்றவரின் பணியை வரையறுத்த அளவுகோலால் மதிப்பிட்டனர். பணி மட்டுமன்றி, பணியின் தரத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் அவர்களிடம் ஒரு பங்கு வந்தது. மாவட்ட மனநலத் திட்டத்தில் விடுபட்டது இதுவே: பயிற்சிக்குப் பிந்தைய நெடிய துணை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மறுஆய்வு வாரியங்களில் மனநோய் அனுபவம் உள்ளவர்கள், பராமரிப்பாளர்கள் அல்லது அவர்களுக்காகப் பணிபுரியும் அமைப்பினருக்கு இடம் ஒதுக்கியுள்ளது. வித்யா சாகரின் கூடாரங்களில் ஒரு கண்காணிப்பாளரின் விருப்பமாக இருந்தது, இப்போது சட்டத்தின் ஏற்பாடு. எனினும் அவர் ஒருவரது நம்பிக்கையால் நிகழ்ந்ததை, சட்டம் வகுத்த நாற்காலி தானாக நிகழ்த்திவிடாது. அதில் அமர்பவரின் சொல் முடிவைப் பாதிக்கிறதா, மாவட்டத் திட்டத்தின் கூட்டத்தில் ஆஷா பணியாளர் கூறும் குறை அடுத்த மாத மருந்துப் பட்டியலை மாற்றுகிறதா, குடியை விட்டவர் முகாமின் பயனாளியாக மட்டுமன்றி அதன் அமைப்பாளராகவும் ஏற்கப்படுகிறாரா என்பனவே இனி ஆராயத்தக்க வினாக்கள். மாவட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டும் அறிக்கைகள் ஆண்டுதோறும் வருகின்றன. இந்த வினாக்களுக்கு விடைதேடும் கள ஆய்வுகள் மேலும் தேவை.