கோடை மழையும் மார்ச் பனியுருகலும்

அடர்ந்த புல்வெளி பூச்சிமருந்தை ஓடவிடாது என்று கோல்ஃப் மைதானக்காரர்கள் சொல்வது கோடைக்குப் பெருமளவு பொருந்தும். அமெரிக்காவின் விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களில் ஜூலை மழை கொட்டும்போது புல் நீரின் வேகத்தைத் தணிக்கிறது. அடியில் படிந்த மட்கிய தண்டும் வேரும் மருந்தைப் பற்றிக்கொள்கின்றன. இளகிய மண் நீரைக் குடிக்கிறது. நுண்ணுயிர்கள் மருந்தைச் சிதைக்கின்றன. தெளித்த கையோடு பெருமழை பிடித்தால்தான் கவலை.

நவம்பரில் கதை வேறு. அங்கே பனிக்கடியில் புல்லை அழுகவைக்கும் பூஞ்சணங்கள் உண்டு. டைஃபுலா இன்கார்னேட்டா பரவ ஏறக்குறைய 60 நாள் பனி மூடிக்கிடக்க வேண்டும். டைஃபுலா இஷிகாரியென்சிஸுக்கு 90 நாள். பனி மூடிய பிறகு தெளிக்க வழியில்லை. எனவே அதற்குச் சற்று முன்பே குளோரோதலோனில், இப்ரோடையோன் போன்ற பூஞ்சைக்கொல்லிகளை அடிக்கிறார்கள். மருந்து வசந்தம்வரை நிற்க வேண்டும் என்பதே நோக்கம், நிற்கவும் செய்கிறது. மண்ணில் வெப்பம் 10 பாகை செல்சியஸ் குறைந்தால் சிதைவு 2.58 மடங்கு மெதுவாகும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கையாளும் கணக்கு. அதன்படி, 20 பாகையில் பத்து நாளில் பாதியாகும் மருந்துக்கு உறைநிலையருகே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

மண்ணும் கைவிடுகிறது. காய்ந்த நிலையில் உறைந்த மண் ஓரளவு நீரை உறிஞ்சும். ஈரத்தோடு உறைந்தது கான்கிரீட் தளம்போல் இறுகிவிடும். மெல்ல உருகும் பனிக்குக் கோடைப் புயல்மழையின் வேகம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மார்ச்சில் பனிமேல் மழை விழும்போது இரண்டு நீரும் சேர்ந்து, இறங்க இடமின்றி ஓடைக்குப் பாய்கின்றன. குளோரோதலோனில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் இருந்தாலே ரெயின்போ டிரவுட் மீனுக்கு ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது.

ஆகவே கோடைச் சோதனைகளில் புல்வெளி பெற்ற நற்பெயரைக் குளிர்காலத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது தவறு. உறைந்த தரையில் புல்வெளி உரம் இடுவதை விஸ்கான்சின் 2010 முதல் தடுத்திருக்கிறது. அதே கண்டிப்பைப் பூஞ்சைக்கொல்லியிலும் காட்டுங்கள். மண் உறையுமுன் தெளியுங்கள். பந்தைக் குழியில் தள்ளும் சிறு புல்தரைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடையோரப் புல்லை மருந்தின்றி விட்டுவிடுங்கள்.