பிட்மெசேஜ்

பிட்மெசேஜ் என்பது மைய வழங்கி எதுவுமின்றி, மறையாக்கம் செய்யப்பட்ட செய்திகளைக் கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ள உதவும் ஒரு நெறிமுறை ஆகும். இது பிட்காயின் வலையமைப்பின் வடிவமைப்பைப் பின்பற்றி உருவாக்கப்பட்டது. இதற்கான முதன்மை மென்பொருள் பைபிட்மெசேஜ் ஆகும். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இது ஒரு திறந்த மூல மென்பொருள்.

வரலாறு

ஜோனதன் வாரன் என்பவர் 2012 நவம்பரில் இந்நெறிமுறையை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பு குறித்து 2013 சூனில் எட்வர்டு சுனோடன் வெளிப்படுத்திய பின்னர் இது பரவலான கவனத்தைப் பெற்றது.

செயற்படும் முறை

பயனரின் பொதுத் திறவிகளிலிருந்து கணிக்கப்படும் எழுத்துக்கோவையே அவரது முகவரி ஆகும். பெயரோ தொலைபேசி எண்ணோ தேவையில்லை. அனுப்பப்படும் செய்தி வலையமைப்பிலுள்ள கணினிகள் அனைத்துக்கும் பரப்பப்படுகின்றது. ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள தனித் திறவியால் அதனைத் திறக்க முயலும். உரியவரிடம் மட்டுமே அது திறக்கும். எனவே செய்தியின் உள்ளடக்கம் மட்டுமன்றி, அது யாருக்கு உரியது என்பதும் மறைக்கப்படுகின்றது.

எரிதங்களைத் தடுக்க, ஒவ்வொரு செய்திக்கும் அனுப்புநரின் கணினி சிறிது நேரம் கணக்கிட்டு வேலைச் சான்று ஒன்றை இணைக்க வேண்டும். எனினும் இது பிளாக்செயின் அன்று. பிளாக்செயினில் பதிவுகள் நிலைத்திருக்கும். இங்கு செய்திகள் குறித்த காலம் முடிந்ததும் நீக்கப்படுகின்றன. அக்காலம் 28 நாட்களுக்கு மேற்படாது.

கட்டளை வரிப் பயன்பாடு

பைபிட்மெசேஜை வரைகலை இடைமுகமின்றியும் இயக்கலாம். தொடக்கக் கட்டளையுடன் "சி" என்னும் தெரிவைச் சேர்த்தால் உரை இடைமுகம் தோன்றும். "டி" என்னும் தெரிவைச் சேர்த்தால் மென்பொருள் பின்னணியில் இயங்கும். பின்னணியில் இயங்கும்போது, அமைப்புக் கோப்பில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு, பிற நிரல்கள் வழியே முகவரி உருவாக்கவும் செய்தி அனுப்பவும் இயலும். தனித் திறவிகளும் அதே கோப்பில் உள்ளமையால் அதனைக் காத்தல் இன்றியமையாதது.

குறைபாடுகள்

2018 பெப்ரவரியில் 0.6.2 பதிப்பில் கண்டறியப்பட்ட வழுவைப் பயன்படுத்தித் தாக்குநர்கள் பயனர் கணினிகளில் நிரல்களை இயக்கி, பிட்காயின் பணப்பைகளைத் தேடினர். 0.6.3 பதிப்பில் அது திருத்தப்பட்டது. மேலும், தனித் திறவி பிற்காலத்தில் களவுபோனால், முன்பே சேமித்து வைக்கப்பட்ட பழைய செய்திகளையும் பிறர் படிக்க முடியும்.

இந்தியச் சட்டநிலை

மறையாக்கச் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிதல் தொடர்பான வழக்குகள் 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடரப்பட்டன. அனுப்புநர் பற்றிய குறிப்பைச் செய்தியுடன் இணைக்கலாம் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி 2019இல் பரிந்துரைத்தார். அவ்வாண்டே வழக்குகள் உச்சநீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டன. 2021ஆம் ஆண்டு விதிகள் அக்கடமையைப் பெரிய செய்திப் பரிமாற்ற நிறுவனங்கள் மீது சுமத்தின. பிட்மெசேஜில் அத்தகைய நிறுவனம் ஏதும் இல்லை. ஆயினும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 69ஆம் பிரிவு, மறையாக்கத்தை நீக்கித் தருமாறு பயனருக்கே ஆணையிட இடமளிக்கின்றது. மறுப்போருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

இவற்றையும் பார்க்க

பொதுத் திறவி மறையாக்கம்
பிட்காயின்