கணினி படம் வரையக் கற்ற கதை



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் பெற்றோர் தினத்திற்காக, தேயிலைத் தோட்டத்து முதியவர்களின் நினைவுகளைக் காணொளியாகத் தொகுக்கும் பொறுப்பை ஏற்றேன். பழைய நிழற்படங்களைத் திரட்டினேன். லயத்து வீடுகளுக்குச் சென்று அவர்கள் பேசியதைப் பதிவு செய்தேன். நாற்பது நிமிடப் படம். அதனை இறுதி வடிவமாக்க என் வீட்டுக் கணினிக்கு ஒன்பது மணி நேரம் பிடித்தது. இருமுறை பாதியிலேயே நின்றும் போயிற்று. விழா நாளன்று முதற்பகுதியை மட்டுமே திரையிட முடிந்தது.

மண்டபத்தின் முன்வரிசையில், புதுச்சேலை உடுத்தி, தம் முறைக்காகக் காத்திருந்த ஒரு பாட்டி, விளக்குகள் எரிந்ததும் என்னிடம் வந்தார். "நான் பேசுனதக் காணோமே டீச்சர்?" என்றார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அந்த விடையைத் தேடிய பயணமே இக்கட்டுரை.

பாட்டி பேசியது சிறிய செய்தியன்று. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தார் என்றும், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்றும், 1931இல் தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை நிறைவுற்றது என்றும் நூல்கள் கூறுகின்றன. அச்சாலை வழியே வந்து கொழுந்து பறித்த நம் முன்னோர் பெயர்களை அந்நூல்களில் காண்பது அரிது. அவை பாட்டியின் நாவில்தான் இருந்தன.

சரி, படம் காட்டுவது கணினிக்கு ஏன் இத்துணைக் கடினம்? சிறிது வரலாற்றைப் பார்ப்போம்.

இவ்வரலாற்றின் ஒரு தொடக்கம் நம் நாட்டிலேயே உள்ளது. 1972ஆம் ஆண்டில் இண்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் அமைத்தது. அதே காலக்கட்டத்தில் வேறு பல மின்னணு நிறுவனங்களும் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்திற்கு வந்தன. அங்கே பணியாற்றியவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். என் அத்தையும் அவர்களுள் ஒருவர். உருப்பெருக்கியின் வழியே பார்த்து, தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளில் இணைப்பது அவர் வேலை. "கண்ணு வலிக்கும், ஆனா மாசம் பொறந்தா கையில சொந்தக் காசு" என்பார். கணினி யுகத்தைக் கட்டிய கைகளுள் நம் வீட்டுக் கைகளும் உண்டு என்பதை மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு.

1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனிநபர் கணினி வெளிவந்தபோது, அதன் வண்ணத் திரைக்கான அட்டை 320க்கு 200 என்னும் அளவில், ஒரே வேளையில் நான்கு வண்ணங்களை மட்டுமே காட்டியது. அதாவது 64,000 புள்ளிகள். 1987இல் விஜிஏ முறை வந்தபின் 256 வண்ணங்கள் வரை காட்ட முடிந்தது. இன்றைய முழு உயர்தரக் காணொளியின் ஒரு சட்டகத்தில் 1920க்கு 1080, அதாவது இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 25 சட்டகங்கள் எனக் கணக்கிட்டால், என் நாற்பது நிமிடப் படத்தில் 60,000 சட்டகங்கள்! சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடக் காட்சி மட்டுமே ஏறத்தாழ 9 கிகாபைட் இடத்தை விழுங்கும். ஆகவேதான் கணினி ஒவ்வொரு சட்டகத்தையும் விரித்து, மாற்றங்களைச் செய்து, மீண்டும் சுருக்கி எழுதுகிறது. நேரம் கரைவது இங்கேதான்.

தொடக்கத்தில் இவ்வேலை பெரும்பாலும் மையச் செயலகத்தின் தலையில் விழுந்தது. 1997இல் எம்எம்எக்ஸ் என்னும் கூடுதல் கட்டளைகளுடன் பெண்டியம் செயலகம் வந்தது. ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் வழி அதில் இருந்தது. 1999இல் என்விடியா நிறுவனம் ஜிபோர்ஸ் 256 என்னும் அட்டையை, உலகின் முதல் வரைகலைச் செயலகம் என விளம்பரப்படுத்தி வெளியிட்டது. விளையாட்டுகளுக்காகப் பிறந்த அத்தகைய அட்டைகளைப் பிற கணக்குகளுக்கும் பயன்படுத்தும் குடா என்னும் ஏற்பாட்டை அதே நிறுவனம் 2007இல் வழங்கியது. 2011இல் இண்டெல், காணொளியைச் சுருக்குவதற்கென்றே தனிப்பகுதி ஒன்றைத் தன் செயலகங்கள் பலவற்றுள் சேர்த்தது.

மையச் செயலகத்திற்கும் வரைகலைச் செயலகத்திற்கும் உள்ள வேறுபாட்டை நம் மலைக்காட்சியால் விளக்கலாம். மையச் செயலகம் எல்லா வேலையும் தெரிந்த நாலைந்து கைதேர்ந்தவர்களைப் போன்றது. வரைகலைச் செயலகமோ, சரிவு முழுவதும் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கொழுந்து பறிக்கும் பெருங்கூட்டத்தைப் போன்றது. ஒரு செடியில் பறிப்பவர் அடுத்த செடிக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. படப்புள்ளிகளின் கணக்கும் பெரும்பாலும் அத்தகையதே.

இதைக் கேட்டதும் விலையுயர்ந்த வரைகலை அட்டையை வாங்க எண்ணுவீர்கள். நானும் எண்ணினேன். ஈப்போவில் ஒரு கடைக்காரர் அதைத்தான் பரிந்துரைத்தார். விலையைக் கேட்டு வீடு திரும்பியவள், ஒரு மாலை முழுவதும் கணினி வேலை செய்யும்போதே அதன் நிலையைக் காட்டும் பணி மேலாளரைத் திறந்து வைத்துக் கவனித்தேன். வியப்பு! செயலகம் பெரும்பாலும் சும்மா இருந்தது. 4 கிகாபைட் நினைவகம் நிரம்பி வழிந்தது. சுழலும் வன்தட்டு இடைவிடாது திணறியது.

கொழுந்து எவ்வளவு பறித்தாலும், லாரி வராவிட்டால் தொழிற்சாலைக்கு என்ன பயன்? வாட்டும் தட்டுகளில் இடமில்லாவிட்டால் வந்த கொழுந்தை எங்கே பரப்புவது? வன்தட்டு அந்த லாரி. நினைவகம் அந்தத் தட்டு. என் கணினியில் குறை அவ்விரண்டில்தான் இருந்தது.

எனவே நான் செய்தவை இவை. நினைவகத்தை 16 கிகாபைட்டாக உயர்த்தினேன். வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்னும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினேன். சுழலும் வன்தட்டு நொடிக்கு நூறு, நூற்றைம்பது மெகாபைட் தருமிடத்தில் இது ஐந்நூறு வரை தரும். படத்தொகுப்பு மென்பொருளின் அமைப்புகளில் அணைந்தே கிடந்த வன்பொருள் சுருக்க வசதியை இயக்கினேன். அது என் செயலகத்திலேயே இத்தனை ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது! இறுதியாகக் காற்றாடியின் தூசியைத் துடைத்தேன். தானா ராத்தாவின் குளிர் கணினிக்கு நல்லதுதான். ஆயினும் இங்குள்ள ஈரப்பதம் தூசியைப் பசைபோல் ஒட்டவைக்கிறது. மொத்தச் செலவு, கடைக்காரர் கூறிய தொகையில் நான்கில் ஒரு பங்கு. ஒன்பது மணி நேரம் ஐம்பது நிமிடமாகக் குறைந்தது.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். வன்பொருள் வழியாக விரைந்து சுருக்கும்போது, அதே கோப்பளவில் படத்தின் தெளிவு சற்றுக் குறையலாம். ஆகவே மூலப் பதிவுகளை அழிக்காதீர். வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். முப்பரிமாண அசைவூட்டம் செய்வோருக்கு நல்ல வரைகலை அட்டை தேவைதான். அதையும் தேவை அறிந்தபின் வாங்குவதே முறை.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் கணினி வேண்டுமென்று கடைக்குச் செல்லுமுன், இருக்கும் கணினி எங்கே திணறுகிறது என்று ஒருமுறை பாருங்கள். ஆசிரியர்களே, பின்தங்கும் மாணவனிடமும் நாம் இதைத்தானே செய்கிறோம்? அவன் அறிவில் குறையா, அல்லது காலையில் பசியோடு வந்தானா என்று பார்த்த பின்தானே மருந்து தேடுகிறோம்?

விழா முடிந்து மூன்றாம் வாரம், முழுப் படத்தையும் மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு பாட்டியின் வீட்டிற்குச் சென்றேன். தம் முகம் திரையில் வந்ததும் அவர் பேசவில்லை. தம் தாயாரின் பெயரையும், உடன் கொழுந்து பறித்த பெண்களின் பெயர்களையும் திரையில் தாமே சொல்லக் கேட்டு, ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தார். முடிந்ததும், "இன்னொருக்கா போடுங்க டீச்சர்" என்றார்.

போட்டேன்.